கடைசி வரிசைக்குத் தெரியும் கண்

என் தாமுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் நைனாவும் சௌக்கியம். உன் நைனாவின் இருமலும் சௌக்கியம். அது எங்கள் இருவரையும்விட நன்றாகவே இருக்கிறது. நீ வேலூரில் குழுவோடு ஒத்திகை பார்த்து, வேளைக்குச் சாப்பிட்டு, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து, உங்கள் நடன வாத்தியாரிடம் அதிகம் திட்டு வாங்காமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டணத்து மண்டபத்தில் ஆட்டம். நீ ராயபுரத்துக்கு எட்டிக்கூடப் பார்க்காமல் ரயிலடியிலிருந்து நேரே அங்கே போய்விடுவாய் என்று தெரியும். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் அவசர அவசரமாக எழுதுகிறேன். என் அவசரம் நாலு பக்கத்துக்குக் குறையாது என்பது உனக்குத் தெரியாததா?

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு நான் கண் எழுதப் போவதில்லை. முதல் ஆட்டத்திலிருந்து இன்றுவரை மேடைக்கு உன் கண்ணில் மை வைத்தது என் கைதான். கால் சுளுக்கிக் கிடந்தபோதுகூட ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வந்து எழுதிவிட்டுப் போனவள் நான். அதனால் பயந்துவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உன்மேல் கோபமும் இல்லை. அம்மா இல்லாவிட்டால் தேவகி இருக்கிறாள் என்று நினைப்பாய். அவளும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆக, இன்றைய நிலவரப்படி உங்கள் வேடன் வெறுங்கண்ணோடு மேடையேறப் போகிறான். இந்தச் சிக்கல் எப்படி விழுந்தது, அதை யார் அவிழ்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ வேலூருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேடனும் மானும் ஆடும் ஆட்டத்துக்கு நம் வீட்டில் ஒத்திகை. கொருக்குப்பேட்டையிலிருந்து தேவகி வந்திருந்தாள். ஆட்டத்தில் உன் அம்புக்குப் பயந்து ஓடும் மான். தை மாதத்தில் உன் வீட்டுக்காரி. கல்யாணம் நிச்சயமான பெண்ணை வெளியூருக்கு அனுப்ப மாட்டேன் என்று அவள் அப்பா வேலூருக்குத் தடை போட்டுவிட்டார் அல்லவா, அந்த வருத்தத்தையும் காட்டாமல் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். என்னிடம் வந்து, "அத்தே, மண்டபத்துல எல்லாம் கரண்டு வெளக்கு. இவருக்கு நான் ஒரு தபா கண்ணு எழுதிப் பாக்கட்டா?" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை முகத்தைத் தொடுவதா என்று எதிர்வீட்டு அந்தோணியம்மா மூக்கின்மேல் விரலை வைத்தாள். மீன்கூடை கீழே விழுந்தாலும் அந்த விரல் இறங்காது. உன் நைனாதான், "ஆட்டத்துல அவ மேல அம்பு வுடறான், அத்த கேக்க ஆளில்ல. மை வெச்சா குத்தமா?" என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

தேவகி எழுதினாள். நீ வழக்கம்போல் வாசற்படியில் போய் நின்றாய். உன் நைனா வழக்கம்போல் தெருக்கோடிக்கு நடந்துபோய், கட்டுமரங்கள் ஏற்றிவைத்திருக்கும் மணலில் நின்று திரும்பிப் பார்த்தார். பார்த்தவுடனே சரியென்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார். எனக்கு அப்படி அவர் முதல் பார்வையிலேயே தூக்கியது ஒரு நாளும் இல்லை. மூன்று தடவை, நான்கு தடவை திருத்தியபிறகுதான் அந்தக் கைகள் எழும்பும். தேவகி குடத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் குழாயடிக்குப் போனாள். நீ உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்தாய். என் கை போடும் கோட்டில் பாதிகூட இல்லை. நேரே அடுப்படிக்கு வந்து, "யம்மா, இது பத்தாது. நைனா மருமவளுக்கு ஐஸ் வெக்கறாரு. நீயே எழுதிடு" என்று உட்கார்ந்துவிட்டாய்.

நானும் எழுதினேன். எண்ணெய்த் துணியால் அவள் எழுதியதைத் துடைத்துவிட்டு எழுதினேன். அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தப் பொன் குஞ்சு ஆயிரம் பேரைவிட்டு என்னிடம் வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எந்தக் காக்கைக்குத் தலை கிறுகிறுக்காது? பாதி எழுதும்போது தேவகி குடத்தோடு வந்து நின்றாள். உன் முகத்தைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். குடத்தை இறக்கிவைத்தாள். எனக்குச் சங்கரா மீனைச் செதில் எடுத்துக் கொடுத்தாள், சாப்பிட்டாள், இலையை எடுத்தாள், போய்விட்டாள். நீ ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். பெண்கள் ஒன்றும் பேசாமல் மீன் அறுத்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தமடா. கல்யாணத்துக்கு முன்னால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்.

அன்று சாயங்காலம் உன் நைனாவுக்கு வந்ததே கோபம்! "நான்தான் ரெண்டு கையும் தூக்கினேனே, இன்னாத்துக்குடி அழிச்சே? கொடி காட்டறவன் பொய் சொன்னா கப்பலு தரை தட்டிடும். ஹார்பர்ல இத்தினி வருசமா ஒரு கப்பலுக்கும் நான் பொய் சொன்னதில்ல. வூட்ல சொல்லுவனா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த இரண்டு கை எப்படி நம் குடும்பத்துக்கு வந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். எனக்கும் இதைச் சொல்வதில் ஒரு சுகம்.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம் என்று நினைக்கிறேன். நீ வாத்தியார் வீட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போய் ஆட்டம் கற்றது உன் நைனாவுக்குத் தெரிந்துபோயிற்று. "ஆம்பளப் புள்ள கண்ணுல மையா?" என்று வீட்டில் கூரை பறந்தது. கடைசியில் ஒரு பேச்சுக்கு இறங்கி வந்தார். திருவொற்றியூர் உற்சவத்தில் வாத்தியார் குழு ஆடும்போது நீயும் ஒரு தடவை ஆடலாம். ஜனம் சிரித்தால் மறுநாள் காலை துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும். நீ சரி என்று தலையாட்டினாய். எனக்குத்தான் உன் கண்ணை நினைத்துக் கவலை. உனக்குப் பிறவியிலேயே வலது இமை கொஞ்சம் தாழ்வு. கிட்டத்தில் பார்க்க அழகுதான். ஆனால் மேடையில் வேடன் அம்பைத் தொடுக்கும்போது ஒரு கண் தூங்கிக்கொண்டிருந்தால் ஜனம் சிரிக்காமல் என்ன செய்யும்?

எனக்குக் கிட்டப்பார்வை. ஒரு முழத்துக்குள் இருப்பது எறும்பின் கால்கூடத் தெரியும். பத்தடிக்கு அப்பால் எல்லாம் ஒரே பனிமூட்டம். உன் நைனாவுக்கு நேர் எதிர். செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்தாலும் எழுத்து தெரியாது. அடிவானத்தில் வரும் கப்பலின் கொடி என்ன நிறம் என்று துறைமுகத்துச் சிக்னல் மேடையில் நின்று வெறுங்கண்ணால் சொல்வார். அதனால்தான் அந்த உத்தியோகம். உற்சவத்து மைதானத்தில் கடைசி ஆள் எங்கோ மணலில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு உன் கண் எப்படித் தெரியும் என்று நான் எப்படிப் பார்ப்பது? ஆட்டத்துக்கு முந்தின நாள் உனக்கு எழுதிவிட்டு அவரிடம் போனேன். "ஆடறதுல உனுக்கு இஷ்டமில்ல, சரி. தூரத்துலேர்ந்து பாத்து எந்தக் கண்ணு சின்னதா கீதுன்னு மட்டும் சொல்லு. அதுவும் உன்னால முடியாதா?" என்றேன். பார்வையைப் பற்றி அவரிடம் முடியாதா என்று கேட்கலாமா? செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்துவிட்டார்.

அங்கிருந்து கத்தினால் கடல் இரைச்சலில் கேட்காது. கையால் காட்டுகிறேன் என்றார். எந்தக் கண்ணுக்கு மை போதவில்லையோ அந்தக் கையைத் தூக்குவது. அவர் வலது கையைத் தூக்கினார். நானும் நீயும் அவரைப் பார்த்து நிற்கிறோம். அவருடைய வலது கை எங்களுக்கு இடது பக்கமாக எழும்புகிறது. ஆகவே உன் இடது கண்ணுக்கு நான் இன்னும் கொஞ்சம் மை இழுத்தேன். திரும்பவும் வலது கையைத் தூக்கினார். இன்னும் இழுத்தேன். இந்தத் தடவை கையைத் தூக்கி ஆட்டினார். நானும் விடவில்லை. அவர் குதித்துக் குதித்து வலது கையை ஆட்ட, உன் இடது கண் நெற்றிப்பொட்டைத் தாண்டிக் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தோணியம்மா மீன்கூடையோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி இது, புள்ள கண்ண இஸ்து காதுல கட்டப் போறியா?" என்று கேட்டாள்.

உன் நைனா மூச்சிரைக்க ஓடி வந்தார். "வலது கண்ணுன்னு எத்தினி தபா காட்டறது! இடதுல போட்டு இழுத்துகினே கீறியே!" என்றார். நீ தூக்கினது எங்களுக்கு இடது பக்கம்தானே என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கப்பலுக்கு வலது பக்கம்னா அது கப்பலோட வலது. நான் மின்னால நின்னு பாத்தாலும் பின்னால நின்னு பாத்தாலும் அது மாறாது. ஹார்பர்ல சின்னப் பையனுக்குக்கூட இது தெரியும்!" "உம் புள்ள இன்னா கப்பலா?" என்று கேட்டேன். தெருவே சிரித்தது. அவர் முறைத்துப் பார்த்தார். பிறகு காதுவரை கண் போயிருந்த உன் மூஞ்சியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார், முடியவில்லை, சிரித்துவிட்டார். உன் ஆட்டத்தைப் பற்றி வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அங்கேயே சட்டம் போட்டார்: வலது கை என்றால் தாமுவின் வலது கண், இடது கை என்றால் தாமுவின் இடது கண், தலையைத் தொட்டால் புருவம், எல்லாம் சரி என்றால் இரண்டு கை. மறுநாள் திருவொற்றியூரில் ஜனம் சிரிக்கவில்லை. கூட்டத்தின் கடைசியில், காஸ் விளக்கு வெளிச்சம் தேய்ந்துபோகிற இடத்தில், ஒரு மனுஷர் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார் என்று நீ வந்து சொன்னாய். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. நான் திரை ஓரத்தில் மை டப்பாவோடு நின்று பனிமூட்டத்தில் ஏதோ சிவப்பாகக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எண்ணூரில் ஆடினாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கழிமுகத்து உப்புக்காற்று. நான் விளக்கெண்ணெய்த் திரி எரித்துத் தாமிரத் தட்டில் படிந்த கரியை அதே எண்ணெயில் குழைத்த மை, நம் தெருவில் நின்றது, அங்கே நிற்கவில்லை. மானை அடித்துவிட்டு வேடன் நிமிர்ந்தபோது இரண்டு கன்னத்திலும் கறுப்பாக ஒழுகுகிறது. நான் திரைக்குப் பின்னால் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் ஜனம் "ஐயோ பாவம், வேடனே அழுவுறான் பாரு" என்று சேர்ந்து அழுதது. வாத்தியார் அடுத்த ஆட்டத்திலும் ஒழுகட்டும் என்று சொல்லிவிட்டார், அடுத்த ஆட்டத்தில் எவ்வளவு முயன்றும் ஒழுகவில்லை! அதற்குப் பிறகுதான் இமையில் முதலில் மாவு ஒற்றி ஈரத்தை எடுப்பதும், கோடு போட்டபின் உலர்ந்த கரித்தூளை விரலால் அதன்மேல் தட்டுவதும் எனக்குப் பழக்கமானது. மை எழுதுவது எல்லாம் இப்படித் தடுக்கி விழுந்து தெரிந்துகொண்டதுதான். வேடனுக்குக் கோடு நேராகப் போய் முனையில் மேலே ஏற வேண்டும், மானுக்குக் கீழ்க்கோடு இறங்கி நீள வேண்டும், கண் மூடியிருக்கும்போது அழகாக இருப்பது திறந்தால் மறைந்துபோகும், ஆகவே திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் முனையை முடிக்க வேண்டும். உன் வலது கண்ணுக்கு மேலே தடிப்பு, இடது கண்ணுக்குக் கீழே தடிப்பு. இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் இரண்டும் வேறு வேறாகத் தெரியும்; வேறு வேறாக எழுதினால்தான் தூரத்துக்கு ஒன்றாகத் தெரியும்.

இவ்வளவும் மணலில் உட்கார்ந்த ஜனத்துக்கு, காஸ் விளக்குக்கு. அதை மறந்துவிட்டுத்தான் பட்டணத்து மண்டபத்துக்கும் அதே கண்ணை உனக்கு எழுதினேன், நீயும் அதைத்தான் கேட்டாய். செவ்வாய்க்கிழமை எனக்கு மனசு தாங்காமல் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். தேவகி வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் பாதை. சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடியின் முன்னால் நின்று அவள் தன் கண்ணுக்கு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. பாத்திரமெல்லாம் கிணுகிணுத்தது, கண்ணாடி நடுங்கியது. அவள் மை தொட்ட ஈர்க்குச்சியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, வண்டி முழுதும் போகிறவரை சும்மா நின்றாள். பிறகு விட்ட இடத்தில் சரியாகத் தொட்டுக் கோட்டை முடித்தாள். அந்தப் பொறுமை எனக்கு இல்லை, தாமு. வண்டியோடு சேர்ந்து நானும் கையை ஆட்டியிருப்பேன்.

என்னைப் பார்த்ததும் உட்கார மணைக்கட்டையைப் போட்டாள். காப்பி கொடுத்தாள். அப்புறம், "அத்தே, நான் எழுதனது சரியில்லியா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் இருந்துச்சும்மா. உங்க மாமா பாத்தவொடனே ரெண்டு கையும் தூக்கிட்டாரே."

"மண்டபத்துல காடு எரியற எடத்துல செவப்பு வெளக்கு போடுவாங்க அத்தே. நீங்க கண்ணு ஓரத்துல வெக்கற செவப்பு அப்போ மறைஞ்சு பூடும். அதான் அத்த வுட்டுட்டு, கீழ் இமையாண்ட கொஞ்சம் வெள்ளை வெச்சேன். கரண்டு வெளிச்சத்துக்கு ரொம்பத் தடிப்பா போட்டா, கண்ணே தெரியாது, மைதான் தெரியும்."

"எனுக்கு அது தெரியாதுடி. நல்லாத்தான் யோசிச்சிருக்க."

"அப்போ அவரு ஏன் அழிச்சாரு?"

"பயம்மா. வேறொண்ணுமில்ல. பழகின கை இல்லாம மேடை ஏற பயம்."

"பயந்தா என்னாண்ட சொல்லக்கூடாதா அத்தே? 'தேவகி, இன்னும் கொஞ்சம் போடு'ன்னா போட்டிருப்பேன். நான் தண்ணி எடுத்துகினு வர்றதுக்குள்ள அழிச்சிட்டாரு. நாளைக்கு நான் ஒரு கொயம்பு வெச்சா, அத்தயும் கொட்டிட்டு உங்ககிட்ட வந்து குந்திக்குவாரா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எழுதின மை கரைந்துவிடக் கூடாது என்று தலையை அண்ணாந்துகொண்டாள். ஆட்டக்காரி அழுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது பார். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. "ஞாயித்துக்கெழம நான் எழுத மாட்டேன் அத்தே. நீங்களே எழுதிடுங்க. அவரா வந்து கேட்டாத்தான் நான் கையில மை தொடுவேன்" என்றாள். "கேட்டா?" என்றேன். "கேட்டா, ரயிலே உள்ள வந்தாலும் கைய எடுக்க மாட்டேன்" என்றாள்.

இதற்குமேல் நான் என்ன சொல்ல? என் மை டப்பாவை இடுப்பிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் வாங்கி மாடத்தில் வைத்தாள், திறக்கவில்லை. நீ கேட்டால்தான் திறப்பாள். வைராக்கியக்காரி. உனக்கு ஏற்றவள்தான்.

வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்கு வரப் போவதில்லை என்று. எழுதாவிட்டால் அங்கே எனக்கு என்ன வேலை? திரை ஓரத்தில் நின்று பனிமூட்டம் பார்க்கவா? அவர், "இத்தினி வருசமா அவன் ஆடறத நீ பாத்ததே இல்ல, தெரியுமா?" என்றார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. உண்மைதான், தாமு. உன் கண்ணை எவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறேன் என்றால், அதில் எத்தனை செந்நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண் மேடையில் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. ஜனம் கைதட்டும் சத்தத்தை வைத்து, நன்றாகத்தான் செய்கிறது போலும் என்று இருந்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொள் என்று அவர் சொன்னபோதெல்லாம், கிழவி என்பார்கள் என்று தட்டிக்கழித்தவளும் நான்தான். ஆட்டக்காரன் அம்மாவுக்கும் கொஞ்சம் ஒய்யாரம் இருக்காதா?

மறுநாள் காலையிலேயே என்னைப் பாரிமுனைக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணைச் சோதித்து, மூக்கில் ஒன்றை மாட்டிவிட்டார்கள். தெருவுக்கு வந்து நின்றேன். எதிர்ப்பக்கத்து மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. மரம் என்றால் பச்சையாக ஒரு மூட்டை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிராமில் போகிறவர்களுக்கெல்லாம் தூரத்திலிருந்தே மூக்கு இருந்தது. உன் நைனா ரோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு, "தெரியுதா?" என்பதுபோல் இரண்டு கையையும் தூக்கினார். அவருக்கு மீசை அவ்வளவு நரைத்திருப்பது எனக்கு அங்கிருந்து தெரிந்தது. நடுரோடு என்றும் பாராமல் நானும் இரண்டு கையையும் தூக்கினேன். டிராம்காரன் தன்னை நிறுத்தச் சொல்கிறேன் என்று மணியடித்துத் தொலைத்தான்.

இப்போது உனக்கு ஒரே ஒரு வேலை. வேலூரிலிருந்து மண்டபத்துக்கு வந்ததும், வேறு யாரிடமும் எழுதச் சொல்லிப் போகாதே, என்னைத் தேடாதே. தேவகியிடம் போ. எல்லார் முன்னாலும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாய் திறந்து கேள். "நீ எழுதுவியா?" என்று கேள். அவள் எழுதும்போது இப்படிப் போடு, அம்மா அப்படிப் போடுவாள் என்று சொல்லாதே. மேல்கோடு போடும்போது கீழே பார், கீழ்க்கோடு போடும்போது மேலே பார், தும்மல் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு. உன் தும்மலால் நான் எழுதின எத்தனை கண் பாழாயிருக்கிறது! முடிந்ததும் உடனே கண்ணாடியைத் தேடாதே. முதலில் எழுதினவள் முகத்தைப் பார். கோணலோ நேரோ, அங்கே தெரிந்துவிடும். தையில் கல்யாணம் முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் குழுவோடு பம்பாய் போகப் போகிறீர்கள். அங்கே தெருக்கோடியில் நின்று கை காட்ட உன் நைனா இல்லை, அடுப்படியில் நான் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவளிடமே சொல். கண்ணோ குழம்போ, எதுவானாலும் முதலில் அவளிடம் சொல்.

எனக்கு வருத்தமில்லையா என்று கேட்பாய். இருக்கிறதடா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கை மையில்லாமல் என்ன செய்யும் என்று இப்போதே தெரியவில்லை. ஆனால் அந்த வருத்தத்தைவிட ஆசை பெரிதாக இருக்கிறது. நானும் உன் நைனாவும் கடைசி வரிசையில் உட்காரப் போகிறோம். அந்தோணியம்மாவும் வருகிறாளாம்; மூக்கில் வைத்த விரலை எடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

திரை விலகினதும் ஒரு நிமிஷம் கடைசி வரிசையைப் பார். உன் நைனாவின் இரண்டு கை எழும்பும். பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தியின் இரண்டு கையும் எழும்பினால், அது நான்தான், கிழவி என்று நினைத்துவிடாதே. தேவகியிடம் கேட்காமல் மேடையேறினாயோ, என் கை மடியைவிட்டு எழும்பாது. யார் கை எழுதிய கண் என்று எனக்கு இனிமேல் எங்கே உட்கார்ந்தாலும் தெரிந்துவிடும்.

இத்தனை வருஷம் கழித்து என் பிள்ளை ஆடுவதை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறேன். நல்ல கண்ணோடு வாடா.

உன் அம்மா